இரண்டு பேருக்கான இலை

புனேயின் கராடியில் ஐ.டி. பார்க்குக்குப் பின்னால் ஆறே மேசை போட்ட பிலிப்பைன்ஸ் சாப்பாட்டுக் கடை. புனேக்காரரை மணந்த லிசா என்ற பிலிப்பைன்ஸ்காரர் நடத்துகிறார். பக்கத்து மேசையில் வாழையிலை நிறையச் சோறு, சுற்றிலும் சுட்ட மீன், வினிகரில் வெந்த கோழி. நான்கு பேர் ஒரே இலையில் கையால் அள்ளுகிறார்கள். எனக்கும் அதுதான் வேண்டும்! ஆனால் ஒருவருக்குத் தரமாட்டாராம். நண்பன் வருகிறான் என்று புளுகுகிறேன்.

அரை மணி நேரமாகியும் என் இலை காலியாகவே இருக்கிறது.

“இன்னுமா வரல?” லிசா இந்தியில் கேட்கிறார்.

“டிராஃபிக்.”

“இந்த ஊர்ல எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. அவன் பேரு என்ன?”

இந்த ஊருக்கு வேலையாக வந்து மூன்று வாரம். பெயர் சொல்லிக் கூப்பிட இங்கே எனக்கு ஒருவர்கூட இல்லை.

லிசா என்னையே பார்க்கிறார். கை கழுவிவிட்டு எதிரே உட்காருகிறார்.

“மீன் தலை எனக்கு.”