அஜ்மல் பீவியின் மிசுரு மெடல்

பாதுஷாவிடம் பொருளைக் காட்டி நல்ல வார்த்தை கேட்கலாம் என்று போனால் ஏமாந்துதான் வரவேண்டும். தெற்குமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் முலாம் பூசும் கடை அவருடையது. பழைய காசு, மெடல், டோக்கன் எது கிடைத்தாலும் சனம் அவரிடம்தான் கொண்டுவரும். எகிப்துச் சமாசாரம் என்றால் கேட்கவே வேண்டாம். கப்பலில் போய்வந்தவர்களும் பட்டாளத்தில் இருந்தவர்களும் பிரமிடு, ஒட்டகம், மகுடம் வைத்த ராணி என்று எதையாவது பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். பேரப்பிள்ளைகள் காலத்தில் அதெல்லாம் புதையலாகிவிட்டது.

செக்கானூரணிப் பக்கத்திலிருந்து கருத்தக்கண்ணன் என்ற விவசாயி ஒருமுறை பித்தளை வில்லை ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ஒரு பெண் முகம், நெற்றிக்கு மேலே படமெடுத்த பாம்பு. நாகம்மாள் என்று வீட்டில் மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, இது எகிப்து ராணி. அதுவும் நிஜமில்ல, பொம்மைக் காசு. ஓரத்துல பாருங்க, அச்சு ரெண்டும் சேர்ந்த கோடு அப்படியே தெரியுது. அவுக பட எழுத்துன்னு போட்டிருக்கிறதும் எழுத்தில்ல. அதே மூணு குருவியவே சுத்திச் சுத்திப் போட்டிருக்கான். துறைமுகத்துல கூடை கூடையா விப்பாங்க" என்றார் பாதுஷா.

"எந்த ஊர்க்காரியா இருந்தா என்ன, பாம்பு இருக்குல்ல?" என்று கருத்தக்கண்ணன் அதைத் துண்டில் முடிந்துகொண்டு போனார். பாதுஷா விழுந்து விழுந்து சிரித்தார்.

இப்படி ஊருக்கெல்லாம் உடைத்துப் பேசுகிறவர், ஒரே ஒரு மெடல் விஷயத்தில் மட்டும் வாயே திறந்ததில்லை. அது அவர் மனைவி அஜ்மல் பீவியுடையது. கல்யாணமான புதிதில் பட்டுத்துணியைப் பிரித்து, "பட்டாளத்துல சமையல்காரரா இருந்த எங்கத்தாவுக்கு மிசுரு ராசா கையால குடுத்தது" என்று காட்டினார். மிசுரு என்றால் எகிப்து. அதே ராணி, அதே பாம்பு, அதே மூன்று குருவி. பாதுஷாவுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ஆனால் புதுப்பெண்ணின் முகத்திலிருந்த பூரிப்பைக் கெடுக்க மனசு வரவில்லை. அன்று வார்த்தையை முழுங்கியவர் முழுங்கியவர்தான். அப்புறம் வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும், "நான் யாரு மக தெரியும்ல? ராசா கையால மெடல் வாங்குனவரு மக" என்று அஜ்மல் பீவி ஆரம்பிப்பார், பாதுஷா அடங்கிப்போவார்.

எழுபத்தெட்டாம் வருஷம் மகள் சாயிரா பானுவைக் கேட்டு, பழங்காநத்தத்திலிருந்து மாப்பிள்ளையின் தகப்பனார் அப்துல் லத்தீப் வந்தார். சைக்கிள் கடைக்காரர். நல்ல இடம், சாயிராவுக்கும் பிடித்திருந்தது. பேச்சு கனிந்துவரும் நேரத்தில், "உங்க மாமனாருக்கு ராசா மெடல் குடுத்தாராமே, தரகர் சொன்னாரு. காட்டுங்க" என்றார் லத்தீப். அஜ்மல் பீவி கொஞ்சம் தயங்கித்தான் எடுத்துவந்தார்.

லத்தீப் அதைப் புரட்டிப் பார்த்தார். தன் கடைச் சாவிக்கொத்தை எடுத்துப் பாயில் வைத்தார். வளையத்தில் அதே ராணி தொங்கினாள்.

"எங்க பெரியத்தா கப்பல்ல இருந்து வரும்போது டஜன் கணக்கா வாங்கியாந்தாரு. நீங்க இதுல கைதேர்ந்த ஆளாச்சே, சொல்லுங்க. உங்களுது ராசா குடுத்ததா, கடையில வாங்குனதா?"

பாதுஷா இரண்டையும் கையில் எடுத்தார். உண்மையைச் சொன்னால் வரப்போகும் சம்பந்தி முன்னால் மனைவி தலைகுனிய வேண்டும். பொய் சொன்னால், முதல் பேச்சிலேயே பொய் பேசுகிற வீடு என்று மகள் கல்யாணம் கெட்டுப்போகும். கதவுக்குப் பின்னால் சாயிராவின் வளையல் சத்தம் கேட்டது. வியர்த்து வழிய இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பார்வைக்கு ஒண்ணு மாதிரிதான் இருக்கு. ஆனா இவுக அத்தாவோடது..." என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பித்தளைக்காகப் பொய்ச்சாட்சி சொல்ல ஆரம்பித்தார்.

"போதுங்க, ரொம்பச் சிரமப்படாதீக" என்று அஜ்மல் பீவி சிரித்துவிட்டார். "எங்கத்தா சூயசுல ரெண்டு கட்டு பீடி குடுத்து வாங்குனது. மவுத்தாகுறதுக்கு முன்னால அவரே எங்கிட்ட சொல்லிட்டாரு."

"பின்ன ஏம்மா இம்புட்டு நாளா...?" என்றார் பாதுஷா.

"ஊருக்கெல்லாம் முகத்துக்கு நேரா சொல்ற மனுசன், எனக்கு எப்பச் சொல்றீகன்னு பார்த்தேன். சொல்லவே இல்லியே! இப்ப எனக்காகப் பொய்யே சொல்லத் துணிஞ்சிட்டீக." சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாதுஷாவுக்கும் கண் கலங்கிவிட்டது.

லத்தீப் வீடே அதிரச் சிரித்தார். "தேதி குறிங்க. எம் மகனும் இப்படி ஒரு வீட்டுல பழகட்டும்" என்றார்.

கல்யாணமெல்லாம் முடிந்து ஒரு மத்தியானம், குழம்பில் உப்புக் குறைவு என்று பாதுஷா வாயை விட்டுவிட்டார்.

"நான் யாரு மக தெரியும்ல?" என்று அஜ்மல் பீவி தொடங்கினார்.

"தெரியும். ரெண்டு கட்டு பீடி" என்றார் பாதுஷா.

அஜ்மல் பீவி சிரிப்பை அடக்கமாட்டாமல், உப்புச் சாடியை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.