புராஜெக்டை அழிக்கச் சொல்லி விழுந்த அடி

இன்று காலை வெண்ணந்தூரில் என் ஸ்டுடியோவுக்கு ஓர் அக்கா வந்தார். தறிப்பட்டறையில் அவர் கணவரை ஓனர் இரும்புக் கம்பியால் அடித்த கேமரா பதிவு பென்டிரைவில் இருந்தது.

"கோர்ட்டுக்குக் குடுக்கோணுங்க தம்பி, ஒரு டிவிடி போட்டுக் குடுங்க."

வீடியோவை டிவிடியில் எழுதிக் கொடுத்தேன். பென்டிரைவையும் டிவிடியையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

யார் சொன்னார்களோ, பத்தே நிமிடத்தில் அந்த ஓனர் வந்தார். வந்த வேகத்தில் கன்னத்தில் அறைந்தார். கீபோர்டைப் பிடுங்கி முகத்தில் அடித்தார். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

டிவிடி எழுதும் சாஃப்ட்வேர் திரையில் திறந்தே கிடந்தது. அதில் அந்த வீடியோவின் பெயரைப் பார்த்துவிட்டார்.

"அத அழிச்சுப் போட்றா! இல்லீனா உன்ற கைய ஒடச்சுப் போடுவேன்!"

புராஜெக்ட் ஃபைலை அவர் கண்முன்னே அழித்தேன். அதில் இருப்பது எந்தெந்த வீடியோவை எழுத வேண்டும் என்ற பட்டியல் மட்டும்தான், வீடியோ இல்லை. அவருக்கு அது தெரியாது. நாற்காலியை எட்டி உதைத்துவிட்டுப் போனார்.

மாலையில் அக்கா போன் செய்தார். "வக்கீல்கிட்டக் குடுத்துட்டனுங்க தம்பி. எல்லாம் தெளிவாத் தெரியுதுங்களாமா."

உதட்டில் நான்கு தையல். என்னை அடித்ததும் கடைக் கேமராவில் பதிவாகியிருக்கிறது.

அதையும் டிவிடியில் எழுதப் புதுப் புராஜெக்ட் ஒன்று திறந்து வைத்திருக்கிறேன். என்ன பெயர் போட்டு சேவ் செய்யலாம், சொல்லுங்கள்.