தண்ணியில்லாத நீச்சு

நானு ரெண்டு தடவ தண்ணியில்லாம நீச்சடிச்சிருக்கறனுங்க. ஒண்ணு எட்டு வயசுல, கயித்துக்கட்டில் மேல. இன்னொண்ணு இப்ப, எழுவதையும் தாண்டினப்பறம், சங்ககிரியில என்ற மக ஊட்டு டிவி முன்னால. பின்னால நடந்ததச் சொன்னாத்தான் முன்னால நடந்தது வெளங்கும், அதனால டிவியில இருந்தே வாரேன்.

மருமகன் லாரி ஆபீஸ் வெச்சிருக்கறாரு. எனக்கு முட்டிவலின்னு வைத்தியத்துக்குக் கூட்டியாந்து வெச்சிருக்கறாங்க. மகளுக்குச் சர்க்கரை. தெனமும் நடக்கோணும்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. எங்கீங்க நடக்கறது? வாசலத் தாண்டினா லாரி, அதுக்குப் பின்னால இன்னொரு லாரி. அவன் ஆரன் அடிக்கறதுல இருக்கற சர்க்கரையும் ஏறிக்கும். பேத்தி ஊட்லயே ஒக்காந்து கம்ப்யூட்டர்ல வேல பாக்கறவ. அவ அம்மாளுக்குன்னு ஒரு வெளையாட்டுச் சாமானம் வாங்கியாந்தா.

டிவியில மாட்டற பொட்டி ஒண்ணு. கையில புடிக்க வாழப்பழம் தண்டியில ரெண்டு குச்சி. கைய நழுவிப் போயி டிவி மேல உழுந்துறக் கூடாதுன்னு குச்சிக்கு ஒரு கயிறு, அத மணிக்கட்டுல மாட்டிக்கோணும். நாம கையத் தூக்கினா டிவிக்குள்ள ஒரு பொம்மை கையத் தூக்குது. நாம குதிச்சா அதுவும் குதிக்குது. இதென்ன கூத்துன்னு நானு முந்தானைக்குள்ள குச்சிய ஒளிச்சு வெச்சு ஆட்டிப் பாத்தேன். அப்பவும் கண்டுபுடிச்சுருச்சுங்க. "அம்மாயி, டிவி உன்னையப் பாக்கறதில்ல. அப்பா ஆபீஸ்ல ஒக்காந்துட்டே லாரி எங்க போகுதுன்னு போன்ல பாக்கறாருல்ல, அந்த மாதிரி உன்ற கை எங்க போகுதுன்னு குச்சி சொல்லுது"ன்னா பேத்தி. எழுவது வருசமா இந்தக் கை எங்க போச்சு வந்துச்சுன்னு ஒருத்தரும் பாத்ததில்ல, இப்ப ஒரு குச்சி பாக்குதேன்னு எனக்கு ஒரே சந்தோசம்.

மக மூணு நாளு ஒழுங்கா ஆடினா. நாலாம் நாளு சோபாவுல சாஞ்சுக்கிட்டு, ஒரு கையில முறுக்கு, இன்னொரு கையில குச்சிய வெச்சு மணிக்கட்ட மட்டும் ஆட்டறா. டிவிக்குள்ள பொம்மை மலையேறுது. பிரமாதம், பிரமாதம்னு டிவி வேற பாராட்டுது. "அம்மா, நீ ஏமாத்தற"ன்னு பேத்தி சண்டைக்கு வந்தா. "அதே நம்புதல்ல, உனக்கென்னடி"ன்னுட்டா மக. அதோட பொட்டி தூசி புடிச்சுக் கெடந்துச்சு. அது சும்மா கெடக்கறது எனக்கு மனசு கேக்கல. "அம்மிணி, அதை என்ற கையில குடு"ன்னேன்.

காலுலயும் ஒரு பட்டை கட்டோணுமாம். சீலை மேல கட்டினா வழுக்கி வழுக்கிப் போகுது. மக அவ நைட்டிய மாட்டி உட்டா. பொறவு எனக்கு ஒரு பொம்மை செஞ்சாங்க. வெள்ள முடி வெச்சாங்க, கண்ணாடி போட்டாங்க, எல்லாஞ் செரி, சீலை மட்டும் அதுல இல்லவே இல்லையாம். கால்சட்டை போட்டுக்கிட்டு நானு டிவிக்குள்ள நிக்கறேன். எங்க ஊட்டுக்காரரு உசுரோட இருந்திருந்தா வெத்தலையத் துப்பிப்போட்டுச் சிரிச்சிருப்பாரு.

எழுத்துப் படிக்கத் தெரியாது எனக்கு. படத்தப் பாத்துத்தான் எதுன்னு காட்டுவேன். குத்துச்சண்டை வேண்டாம்னுட்டேன். பந்தடிக்கறதும் வேண்டாம். நீலமாத் தண்ணி தெரிஞ்சுதுங்க ஒரு படத்துல. அதப் போடு கண்ணுன்னேன்.

அது நீச்சு. ரெண்டு கையையும் முன்னால நீட்டி, வெலக்கி, இழுக்கோணும். பக்கத்துல நாலு பொம்மைக போட்டிக்கு வருது. கரையில ஒருத்தன் பனியன் போட்டுக்கிட்டு நின்னு இப்படி அடி அப்படி அடின்னு சொல்றான். அவன் மேல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. நானு அடிச்சேன் பாருங்க, கொண்டை அவுந்து போச்சு, மூச்சு உஸ்ஸு உஸ்ஸுன்னு வருது, முட்டி வலி எங்க போச்சுன்னே தெரியல. அந்த நேரம் பாத்துக் கருவேப்பிலை கேக்க எதுத்த ஊட்டுக்காரம்மா உள்ள வந்துட்டாங்க. டிவிய அவங்க பாக்கல, என்னையத்தான் பாத்தாங்க. செருப்ப வெளிய கழட்டிப் போட்டுட்டு வந்து, ரெண்டு கையையும் கும்புட்டுக்கிட்டு, "ஆத்தா, என்ற பையனுக்கு முப்பத்தாறு முடியுது, எப்பத்தாயி பொண்ணமையும்?"னு கேக்கறாங்க.

நின்னா பின்னால வர்ற பொம்மை முந்திக்கும். "இரு, கரை சேந்துட்டுச் சொல்றேன்"னேன். அந்தம்மா கண்ணுல தண்ணி உட்டுட்டாங்க. அடுத்த நாளு எலுமிச்சம்பழம் கொண்டாந்து குடுத்துட்டுப் போனாங்க. அதுல சாதங் கெளறிச் சாப்புட்டோம்.

மொதல் நாளே நானு ரெண்டாவதா வந்துட்டேன். பேத்திக்கு ஆச்சரியம். "அம்மாயி, உனக்கு நீச்சுத் தெரியுமா?"ன்னா. தெரியாது கண்ணு, ஆனா அடிச்சிருக்கறேன்னேன். அதெப்படின்னு அவ குச்சியக் கீழ வெச்சுப்போட்டு ஒக்காந்துட்டா. அப்பத்தான் அந்தக் கதையச் சொன்னனுங்க.

எங்கூரு பள்ளிபாளையத்துப் பக்கம். காட்டுக்குள்ள பெரிய கெணறு எங்களுக்கு. அப்பெல்லாம் எருது கட்டித்தான் தண்ணி எறைப்பாங்க. மழைக்குப் பொறவு மேல் படிக்கட்டு வரைக்கும் தண்ணி நிக்கும். அம்மாகூடப் பொறந்த மாமன் ஒருத்தரு, அயோத்தியாப்பட்டணம் பக்கத்துல இருந்து வெள்ளாமைக்கு ஒத்தாசையா வந்து எங்களோட தங்கியிருந்தாரு. அவருதான் எங்கூருப் பசங்களுக்கெல்லாம் நீச்சு வாத்தியாரு. காஞ்ச சொரக்குடுக்கையப் பையன் முதுகுல கட்டி, இடுப்புல ஒரு கயித்தக் கட்டி, கயித்துத் தலைப்பப் புடிச்சுக்கிட்டுப் படியில நிப்பாரு. தவளையப் பாருடா, தவளை எப்படிக் காலை ஒதைக்குது பாருடான்னு கத்துவாரு. எங்கண்ணன் எட்டே நாளுல குடுக்கை இல்லாம நீந்திட்டான். ஆறேழு பசங்க அப்படிக் கத்துக்கிட்டாங்க. எனக்கும் எறங்கோணும்னு உசுரு துடிக்குது. பொட்டப்புள்ளைக்கு எதுக்கு நீச்சுன்னு அம்மா அடிக்க வந்துச்சு. மேட்டுல குப்புறப் படுத்துக்கிட்டு எட்டியெட்டிப் பாப்பேன், அவ்வளவுதான்.

எந்தொல்ல தாங்காம மாமன் ஒரு வழி சொன்னாரு. கயித்துக்கட்டில்ல குறுக்க குப்புறப் படு. தலையும் கையும் இந்தப் பக்கம், காலு அந்தப் பக்கம். வயிறு மட்டும் கட்டில்ல இருக்கோணும். அப்படியே காத்துல அடி. நிறுத்தாம நூறு அடிச்சீன்னா ஆடிப் பதினெட்டன்னிக்கு நானே உன்னையத் தண்ணிக்குள்ள எறக்கி உடறேன்னாரு. பத்து அடிச்சா ஓடிப்போயிருவான்னு நெனச்சிருப்பாரு.

நானு உடுவனா? காலையில மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு ஒருவாட்டி, வெயில் தாழ ஒருவாட்டி. வயித்துல கயித்துத் தடம் பட்டை பட்டையாப் பதிஞ்சு போயிரும். கட்டிலு தொட்டிலாட்டம் தொங்கிருச்சு. மாமன் வேலை முடிஞ்சு வந்து பக்கத்துல குந்தி, மொழங்காலு மடங்குது பாரு, கைய விரிக்காதன்னு நெசமாலுமே திருத்துவாரு. எங்கண்ணன் கூட நின்னு எண்ணுவான். ஆடி பொறந்து பத்து நாளுல நூறு வந்துருச்சுங்க.

ஆடிப் பதினெட்டும் வந்துச்சு. ஊட்ல எல்லாரும் ஆத்துக்குப் போகக் கெளம்பறாங்க. மாமன் புது வேட்டி கட்டியிருந்தாரு. "மாமா, கெணத்துக்கு வாங்க"ன்னேன். அடுத்த வருசம் பாக்கலாம் சாமின்னாரு. நூறு அடிச்சேனேன்னேன். கட்டில்ல அடிச்சது கட்டிலுக்குத்தான் ஆவும்னு சொல்லிச் சிரிச்சாரு. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். நேரா கெணத்துக்கு ஓடினேன். பசங்க நாலு பேரு நோம்பிக் குளியலுக்குத் தண்ணியில கெடந்தாங்க, எங்கண்ணனும் இருந்தான். என்னைய யாரு பாத்தா? மேட்டுல இருந்து குதிச்சுப்போட்டேன்.

கையக் கால அடிச்சேன், கட்டில்ல அடிச்சாப்புலயே. ஆனா வயித்துக்கடியில கயிறு இல்லீங்க. பச்சையா இருக்குது, காதுல ங்ஙுன்னு சத்தம், வாயத் தொறந்தா தண்ணி. அப்பத் தடால்னு என்னமோ மேல இருந்து உழுந்துச்சு. மாமன். என்ற பின்னாலயே ஓடியாந்திருக்கறாரு. அவரு தலமுடி என்ற கைக்குச் சிக்குச்சு, இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன். நாங்க மேல வரலைங்க. ரெண்டு பேரும் கீழ போறோம். எங்கண்ணனும் பசங்களும் சொரக்குடுக்கையக் குடுத்து, எருது பூட்டற வடத்த உட்டு, ரெண்டு பேரையும் படிக்கு இழுத்துப் போட்டாங்க. என்னைய விட மாமன்தான் எச்சா தண்ணி குடிச்சிருந்தாரு.

அப்பத்தான் ஊருக்கே தெரிஞ்சுது, அவருக்கு நீச்சுத் தெரியாதுன்னு. அவரு ஊரு வானம் பாத்த பூமி. கெணத்துல வாளி உட்டு மோந்துதான் பழக்கம், எறங்கினதே இல்ல. எங்கூருக்கு வந்த பொறவு, படியில நின்னு பாத்துப் பாத்து, தவளையப் பாத்துப் பாத்து வாத்தியாராயிட்டாரு. சொல்லிக் குடுத்தது என்னமோ சுத்தமாத்தான் இருந்துச்சு, அத்தன பசங்களும் நீந்தினாங்கல்ல. ஊரு சும்மா உடுமா? தவளை வாத்தியாருன்னு பேரே வெச்சுட்டாங்க. அம்மா எனக்கு வெளக்கமாத்துல நாலு குடுத்துச்சு. அப்பறம் எனக்குக் கெணறே கெடையாது, நீச்சும் கெடையாது. மாமன் ஆவணி பொறக்கறதுக்குள்ள துணியச் சுருட்டிக்கிட்டு அவரு ஊருக்குப் போயிட்டாரு.

எனக்கு வாக்குக் குடுத்துட்டு ஏமாத்தினாரேன்னு அவரு மேல கோவம். அதுக்குப் பொறவு நோம்பி நொடிக்கு எப்ப ஊட்டுக்கு வந்தாலும் நாந்தான் மொதல்ல ஆரம்பிப்பேன். "மாமா, கெணத்துப் பக்கம் போயிட்டு வரலாங்களா?"ன்னு. எல்லாரும் சிரிப்பாங்க. அவரும் கூடச் சேந்து சிரிப்பாரு. என்ற கலியாணத்துல பந்தியில வெச்சுக்கூடக் கேட்டனுங்க. பாயாசத்தத் தம்ளர்ல ஊத்திக் குடுத்து, மெதுவாக் குடிங்க மாமா, முழுகிப் போயிராதீங்கன்னேன்.

இதச் சொல்லும்போது எனக்குச் சிரிப்புத் தாங்கல. மகளும் அடுப்படியில இருந்து சிரிக்கறா. பேத்தி மட்டும் சிரிக்கல. குச்சிக் கயித்த வெரல்ல சுத்திக்கிட்டே கேட்டா.

"அம்மாயி, ஊருக்குத்தான் அன்னிக்குத் தெரிஞ்சுது. அவருக்கு முன்னாடியே தெரியும்ல?"

"என்ன தெரியும்?"

"தனக்கு நீச்சுத் தெரியாதுன்னு."

தெரியாம இருக்குமா கண்ணுன்னேன். சொன்னப்பறந்தான் எனக்கே ஒறைச்சுதுங்க. பசங்க கீழ தண்ணியிலதான் இருந்தாங்க. மேட்டுல நின்னு ஒரு சத்தம் போட்டிருந்தாப் போதும், அவனுகளே என்னையத் தூக்கியிருப்பானுக. வடம் பக்கத்துலயே கெடந்துச்சு. அவருக்கு அதெல்லாம் கண்ணுல படல. நானு முழுகறதுதான் பட்டிருக்குது. அவரு செத்துக் காடு சேந்து பதினஞ்சு வருசமாச்சுங்க. கடைசியா ஆஸ்பத்திரிக்குப் பாக்கப் போனப்பக்கூட, கட்டிலோரம் நின்னு அந்தக் கெணத்துப் பேச்சத்தான் எடுத்தேன். அவரு சிரிச்சாரு.