கூரையின் மேல் போட்ட பழி

புளித்த ரப்பர் பாலின் வாடைக்கு எல்லாரும் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு மட்டும் அது கடற்கரை விடுமுறையின் வாடை. வருஷக் கடைசியில் பள்ளிக்கூடம் அடைத்ததும், பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் தச்சு வேலை பார்த்த அப்பாவையும், அம்மாவையும், எட்டு வயசுப் பெண்ணான என்னையும் லாரியில் ஏற்றி, கோத்தா கோலா மூடா கடற்கரையில் துரைமார் ஓய்வெடுக்கக் கட்டிய பங்களாவைத் துடைத்து வைக்க அனுப்புவார்கள். எங்களோடு ஒரு டின் பாலும் வரும். ஒழுகும் வாளியோ, பிய்ந்த செருப்போ, தோட்டத்தில் எதற்கும் பால்தான் வைத்தியம்.

அந்த வீட்டுக்கு எங்கள் ஆள்கள் வைத்த பெயர் "மல்லாந்த பங்களா". ஊரில் உள்ள கூரையெல்லாம் நடுவில் உயர்ந்து இருபக்கமும் சரியும் என்றால், இது ஓரங்களில் உயர்ந்து நடுவில் தாழ்ந்து, விரித்த புத்தகம் போல வானத்தைப் பார்த்துக் கிடக்கும். சுவரில் பாதி, பூப்பூவாய்த் துளை விட்ட கல். அதன் வழியே கடல்காற்று வீடு முழுக்க உலாவுவதால், மத்தியானத்தில் வெறுந்தரையில் படுத்தாலும் முதுகு ஜில்லென்றிருக்கும். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துத் தகரக் கூரைக்கடியில் வெந்து வளர்ந்த எனக்கு அது சொர்க்கம். அம்மாவுக்குத்தான் ஆகாது. "வீடுன்னா மழையத் தள்ளி விடணும். இது என்னான்னா மடியேந்தி வாங்கி வச்சுக்குது" என்பார்.

மடியேந்திய தண்ணீர் சும்மா நிற்காது. கூரையின் நடுவில் ஓடும் வாய்க்காலில் இரண்டு துளைகள். நிலத்துப் பக்கத் தூணுக்குள் ஒன்றும் கடல் பக்கத் தூணுக்குள் ஒன்றுமாகக் குழாய் இறங்கும். ஒரு வருஷம் அந்த வாய்க்காலில் மயிரிழை போல ஒரு வெடிப்பு கண்டு, சாப்பாட்டு மேசை மேல் சொட்டத் தொடங்கியது. அப்பா ஏறிப் பார்த்துவிட்டு, பாலில் அதை உறைய வைக்கும் ஆசிட்டைக் கலந்து தாராளமாக ஊற்றினார். "ஏங்க, சிமெண்டு கொண்டாரச் சொல்லலாம்ல?" என்றார் அம்மா. "பாலுக்கு மிஞ்சின சிமெண்டா, புள்ள?" என்றார் அப்பா.

வெடிப்பு அடைபட்டது. மிச்சப் பால் சரிவோடு ஓடி, கடல் பக்கத் துளைக்குள் இறங்கி, தூணுக்குள்ளேயே உறைந்துபோனது. அடுத்த பெருமழையில் மற்றத் துளை ஒன்று மட்டும் போதாமல் கூரை குளமாகி நிரம்பி, துரை குடும்பத்தின் தலைமேல் கொட்டியது. அப்பா கம்பி விட்டுக் குத்திப் பார்த்தார், அசையவில்லை. துரை கேட்டபோது, "கூரை அமைப்பே அப்படிங்க" என்று சொல்லிவிட்டு, என்னைத் தனியே அழைத்தார். "பாப்பா, வெளிய மூச்சு விட்றாத லா. வேலையும் போயிரும், லயத்து வீடும் போயிரும்."

நான் மூச்சு விடவில்லை. பிறகு வந்தவர்களெல்லாம் தாரை ஊற்றி ஊற்றி, அப்படி ஒரு துளை இருந்த தடமே இல்லாமல் செய்துவிட்டார்கள். ஒழுகல் நிற்கவில்லை. பழி கூரைக்கு.

போன வருஷம் குருண் பட்டணத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு, பழைய படம் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டு, கட்டட வரைபடம் போடும் கவிதா என்ற பெண் வந்தாள். பங்களாவை வாங்கியவர் அதை விடுதியாக்கப் போகிறாராம். அந்தக் காலத்து வடிவம் மாறாமல் காப்பாற்றலாம் என்கிறாள் இவள். ஒழுகும் கூரையை உடைத்து, துளைச் சுவரையும் பூசி மூடிவிடலாம் என்கிறார் கண்டிராக்டர் குமார். சனிக்கிழமை முடிவாகும் என்று சொல்லிவிட்டுப் போனாள். எண்பது தாண்டிய அப்பா அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மறுநாள் காலையில், "என்னைய அங்க கூட்டிட்டுப் போ" என்றார்.

அங்கே குமார், "தலைகீழா குடை புடிச்ச மாதிரி ஒரு கூரைங்கய்யா. ஒரே போச்சோர்" என்று ஒழுகலை மலாயில் நொந்துகொண்டார்.

"கூரைய ஏசாத தம்பி. ஏசறதுன்னா என்னைய ஏசு." அப்பா கடல் பக்கத் தூணைக் கையால் தட்டினார். "இதுக்குள்ள பைப் இருக்கு. அடச்சது நாந்தான்."

"எப்பங்கய்யா?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடி."

"அப்ப நான் நாலு தடவ தார் ஊத்துனது?"

"மூடிக்கு மேல மூடி."

குமார் முறைக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டார். தாரைச் செதுக்கி, அடியில் தூணைக் கொஞ்சம் உடைத்து இழுத்தபோது, முழங்கை நீளத்துக்குக் கரிய ரப்பர் வெளியே வந்தது. ஹோஸ் பிடித்து மேலே தண்ணீர் விட்டார்கள். அது தூணுக்குள் கடகடவென்று இறங்கிக் கடல்மணலில் போய் விழுந்தது. கவிதா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை முடிவு நல்லபடியாக வந்தது: கூரையும் நிற்கும், துளைச் சுவரும் நிற்கும்.

எங்கள் தோட்டம் இன்று எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடு. லயம் நின்ற இடம்கூட அடையாளம் தெரியவில்லை. பங்களாவுக்கு முன்னாலிருந்த சவுக்கு வரிசை சுனாமியோடு போயிற்று. இந்த வருஷம் மழைக்கு முன்னால் குமார் ஃபோன் செய்தார். "ஐயா, ரெண்டு பைப்பும் சுத்தம் பண்ணியாச்சு. வேற எங்கயாச்சும் அடச்சு வச்சிருந்தா இப்பவே சொல்லிருங்க லா!"

அப்பா இருமல் வரும்வரை சிரித்தார். வானம் இருட்டினாலே முகம் சுருங்கி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும் மனிதர் அவர். ஏனென்று எனக்கு மட்டும் தெரியும். அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டபோது, நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போடச் சொன்னார்.