எங்கள் வீட்டுக் கறுப்பு டேங்க்

காலையில் எழுந்ததும் நீங்கள் செல்போனைப் பார்ப்பீர்கள். நான் குளியலறைச் சுவரில் எரியும் நான்கு சின்ன விளக்குகளைப் பார்ப்பேன். எங்கள் கறுப்பு டேங்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று அவை சொல்லும். கனடாவில் நானும் மனைவி சரளாவும் குடியிருப்பது ஆர்.வி. எனப்படும் சக்கர வீட்டில். வாடகை கட்டி மாளாமல் வாங்கியது. கழிப்பறையில் போவதெல்லாம் வீட்டுக்கு அடியில் இருக்கும் அந்த டேங்கில் சேரும். வெளியே ஒரு கைப்பிடியை இழுத்தால் வால்வு திறந்து, ஹோஸ் வழியாக, இந்த மாதிரி வண்டிகளை நிறுத்திக் குடியிருக்கும் ஆர்.வி. பார்க்கின் சாக்கடைக்குப் போய்விடும்.

வந்த முதல் நாளே சரளா அந்த வால்வைத் திறந்து விட்டுவிட்டாள். "ஊட்டுக்கு அடியில அத்த வெச்சிக்கினு எப்டிங்க சோறு துன்றது? அது பாட்டுக்குப் போய்க்கினே இருக்கட்டும்" என்றாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அவள் ஊரான ஆரணியிலும் என் ஊரான எளாவூரிலும் கழிப்பறையை வீட்டை விட்டுத் தள்ளிக் கட்டியவர்கள் நாங்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பதினோரு வருடம் ஃபிட்டராக வால்வுகளோடு மல்லுக்கட்டிய எனக்கு ஒரு சின்ன விஷயம் உறைக்கவில்லை. வால்வு திறந்தே கிடந்தால் தண்ணீர் மட்டும் ஓடிவிடும். மற்றது உள்ளேயே தங்கிக் குவிந்துவிடும்.

மூன்றாவது மாதம் கழிப்பறை அடைத்துக்கொண்டது. வால்வும் பாதியில் இறுகி, திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. பார்க்கின் மேலாளர் கேரல் வந்து குனிந்து பார்த்து, "உள்ளே பிரமிடு கட்டியிருக்கிறீர்கள்" என்றார். ஏதோ பாராட்டுகிறார் என்று நினைத்து நன்றி சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்றார். குளிர்காலம் நெருங்கும் நேரத்தில் வேறு எந்தப் பார்க்கிலும் இடம் கிடைக்காது. எல்லாம் தன்னால்தான் என்று சரளா அழுதாள். எனக்கு அவள் மேல் கோபமில்லை. ஃபிட்டர் என்று சொல்லிக்கொள்ளும் என் மேல்தான்.

அந்தக் கோபத்தில் கைப்பிடியை ஓங்கி இழுக்கப் போனேன். சட்டென்று எங்கள் ஆலை நினைவுக்கு வந்தது. இறுகிய வால்வு ஒன்றை நானும் நண்பன் முனிரத்தினமும் பலங்கொண்ட மட்டும் திருகி, அதன் ஸ்பிண்டில் தண்டை முறித்து, ஒரு ஷிஃப்ட் முழுக்க வேலையை நிறுத்தியிருந்தோம். வண்டிக்கு அடியில் படுத்தபடி அவனுக்கு வீடியோ கால் போட்டேன். எனக்குச் சாயங்காலம், அவனுக்குக் காலை. ஆலைக் கேன்டீனில் உட்கார்ந்திருந்தான்.

"அத்த இந்தாண்ட காட்டாத நைனா, நாஷ்டா துன்னுக்கினு கீறேன்" என்றான். பிறகு, "இழுக்காத. அன்னிக்கு மாதிரி ஒடைச்சிடுவ. தண்ணி வுட்டு ஊற வை, மெதுவா ஆட்டு" என்றான்.

குழாய் வாயில் திருகி மாட்டும் இன்னொரு வால்வை வாங்கி மாட்டி மூடினேன். சரளா பக்கெட் பக்கெட்டாக வெந்நீர் ஊற்றினாள். இரண்டு நாள் பார்க்கின் பொதுக் கழிப்பறைக்கு நடந்தோம். மூன்றாம் நாள் அந்தப் புது வால்வைத் திறந்துவிட்டதும் பிரமிடு கரைந்து ஓடியது. திரும்பத் திரும்ப நிரப்பி, டேங்கைச் சுத்தமாகக் காலி செய்தேன். பழைய வால்வின் நான்கு போல்ட்டைக் கழற்றினால், அதன் தகடு ஓடும் பள்ளத்தில் கழிவு கல்லாக இறுகியிருந்தது. சுரண்டி எடுத்து, புது ரப்பர் சீல் வைத்து, சிலிகான் கிரீஸ் தடவிப் பூட்டினேன்.

வெள்ளிக்கிழமை கேரல் இரண்டே விரலால் கைப்பிடியை இழுத்தார். வால்வு வழுக்கிக்கொண்டு திறந்தது. தண்ணீர் சீறிப் போனது. எனக்கு அங்கேயே ஒரு குத்தாட்டம் போட வேண்டும் போல இருந்தது.

இப்போது வால்வை மூடியே வைக்கிறோம். முக்கால்வாசி நிரம்பிய பிறகே திறக்கிறோம். டேங்க் சீக்கிரம் நிரம்பிவிடுமே என்று இங்கத்தியவர்கள் தண்ணீரைச் சிக்கனம் பிடித்து அடைத்துக்கொள்கிறார்கள். நம் ஊர் வழக்கப்படி நாங்கள் மக் மக்காக ஊற்றுவதால் எங்கள் டேங்க் பளிச்சென்று இருக்கிறது. யாருடைய வால்வு இறுகினாலும் கேரல் பார்க்கில் எங்கள் இடமான பதினான்காம் எண்ணுக்கு, எங்களிடம்தான் அனுப்புகிறார்.

போன வாரம் குளிர்கால ஒப்பந்தப் படிவத்தைக் கொடுத்தார். நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் எளாவூர் என்று எழுதினேன். சரளா பேனாவைப் பிடுங்கி, அதே கட்டத்துக்குள் பதினான்காம் எண்ணையும் நுணுக்கி எழுதினாள்.

"ஒண்ணுதான் எழுதணும்" என்றேன்.

"ரெண்டும் நம்ப ஊடுதானே" என்றாள்.

கேரல் படிவத்தைப் பார்த்துவிட்டு, இதில் எதை அடிக்க வேண்டும் என்று கேட்டார். எதையும் அடிக்க வேண்டாம் என்றேன்.