நாடே ஜிப்பு பக்கம்

எங்கள் கட்டடத்தில் நான் வாட்ச்மேன். மாடிப்படிக்குக் கீழே, மீட்டர் பெட்டிகளை ஒட்டி, பல வருடமாகத் தையல் மெஷின் போட்டிருந்தவரை எல்லாரும் ஜிப்பு என்றுதான் கூப்பிடுவோம். பேன்ட் ஜிப் மாற்றுவதில் கெட்டிக்காரர். அவர் வாய்க்கு மட்டும் ஜிப் கிடையாது.

அந்த இடம் அவருடையதில்லை. வருடத்துக்கொரு முறை வீட்டு உரிமையாளர்கள் கீழே கூடி, கை தூக்கி, இன்னொரு வருடம் இருக்க விடுவார்கள். அதற்கு முந்தின வாரம் ஜிப்பு வீடு வீடாக ஏறுவார். "அக்கா, இந்த வருஷமும் பாத்துக்கங்க" என்பார். அறுந்த பட்டன் இருந்தால் வாசலில் நின்றே தைத்துக் கொடுப்பார்.

இந்த வருடம் அங்கே வண்டி நிறுத்தலாம் என்று பேச்சு கிளம்பியது. மூன்றாம் மாடிப் பெண் கொதித்துப்போய், ஜிப்பு குனிந்து தைப்பதைப் படம் எடுத்து, 'இவரைத் துரத்தப் பார்க்கிறார்கள்' என்று போட்டாள். ஆயிரக்கணக்கில் லைக். முன்பின் தெரியாதவர்களெல்லாம் எங்கள் வீட்டுக்காரர்களை ஈவிரக்கமில்லாத ஜென்மங்கள் என்று திட்டித் தீர்த்தார்கள். ஜிப்புவுக்குத் தலைகால் புரியவில்லை. தையலை விட்டுவிட்டு அதையே வாசித்துக்கொண்டிருந்தார்.

சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவி, "ஒரு தடவ மேல போய்ட்டு வந்துடுங்களேன்" என்றார்.

"நாடே நம்ம பக்கம் நிக்குது. நாலு மாடி நிக்காதா?"

எனக்கு எரிச்சலாக வந்தது. "திட்டு வாங்குனவங்கதாண்ணே மேல இருக்காங்க. போய்ப் பேசுங்க" என்றேன். சிரித்தார்.

கூட்டத்தில் அவருக்காக இரண்டே கைகள் உயர்ந்தன. மூன்றாம் மாடிப் பெண் வாடகைக்கு இருப்பவள். என்னைப் போலவே அவளுக்கும் கை தூக்க உரிமை இல்லை. வருடா வருடம் முதலில் கை தூக்கும் இரண்டாம் மாடி அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, நீங்களுமா?" என்றார் ஜிப்பு.

"எம் பொண்ணு ஆபீஸ்ல அந்தப் படத்தக் காட்டி, இது உங்க வீடுதானேன்னு கேட்டாங்களாம். அழுதுட்டே வந்தா. நீ ஒரு வார்த்த மேல வந்து சொல்லியிருக்கலாம்ல?"

ஜிப்பு போய் மெஷினுக்கு உறை போட்டார்.

அவர் வீடு ஒற்றை அறை. மெஷினைப் போட்டால் படுக்க இடமில்லை. விற்றுவிட்டார். மனைவி துணி கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார். போன வாரம் பார்க்கப் போனேன். போனை நீட்டினார். படத்துக்குக் கீழே யாரோ, 'எல்லோருமாகச் சேர்ந்து அண்ணனைக் காப்பாற்றிவிட்டோம்' என்று எழுதியிருந்தார்கள். ஜிப்பு அதற்கும் ஒரு லைக் போட்டிருந்தார்.