என் நாய்க்கு ஆடு தெரியுமா?

கோயம்புத்தூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் என் நாயைப் பற்றிப் புகார் வந்தது. அது யாரையும் கடிக்கவில்லை. மாலையில் விளையாடும் பிள்ளைகளைச் சுற்றிச் சுற்றி ஓடி, எல்லோரையும் ஊஞ்சல் பக்கம் ஒரே கும்பலாகச் சேர்த்துவிடும். யாராவது விலகிப் போனால் மூக்கால் இடித்துத் திருப்பிக் கொண்டுவரும். வெளிநாடுகளில் ஆடு ஓட்ட வளர்க்கும் பார்டர் கோலி இனம். நானோ அழகைப் பார்த்து வாங்கியவள். இது குறும்பா, பிறவிக் குணமா என்று தெரிய, ஒருமுறை ஆடுகளிடம் விட்டுப் பார்க்கச் சொன்னார் கால்நடை மருத்துவர்.

என்னோடு வேலை செய்பவர் ஒருவருக்குக் காங்கேயம் பக்கம் கிளுவை முள்செடியால் வேலி போட்ட மேய்ச்சல் காடு இருக்கிறது. அங்கே ஆடு மேய்ப்பவர் என் வயதுப் பெண், நாற்பதைத் தாண்டியவர். நான் வந்த காரணத்தைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. தங்கள் நாய்கள் பட்டிக்குக் காவல் இருக்குமே தவிர ஆடு ஓட்டியதில்லை என்றார். ஆனாலும் சோதனையை அவரேதான் வகுத்தார். குட்டி போட்ட ஆடுகளை ஒதுக்கிவிட்டு, நிதானமான ஆறு செம்மறிகளை மட்டும் பிரித்து நிறுத்தினார். நாயின் கழுத்தில் நீளமான கயிற்றைக் கட்டி மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டார்.

என் கண் நாயின் மேலேயே இருந்தது. அதைக் கவனித்துவிட்டுச் சொன்னார்: "நாயைப் பாக்காதீங்க, ஆட்டைப் பாருங்க. கடிக்கற நாயின்னா நம்மளுக்கு முன்னாடியே அதுகளுக்குத் தெரிஞ்சுபோடுங்க."

ஆடுகள் தலை தூக்கின. ஆனால் சிதறவில்லை. வீட்டில் ஓயாமல் குரைக்கும் என் நாய், வாலைத் தாழ்த்தி, பூனைபோல் அடிவைத்து, சத்தமில்லாமல் அவற்றைச் சுற்றி வந்தது. ஒரு கிழட்டு ஆடு திரும்பி நின்று காலால் தரையை உதைத்தது. நாய் பாய்ந்துவிடுமோ என்று பயந்தேன். நாய் அப்படியே தரையோடு தரையாகப் படுத்து, அந்த ஆட்டையே பார்த்தது. கொஞ்ச நேரத்தில் ஆடு திரும்பி மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது.

அவர் கயிற்றை அவிழ்த்துவிட்டார். ஒரு ஆடு வேலமரத்துப் பக்கம் பிய்த்துக்கொண்டு ஓடியது. நாய் அதைத் துரத்தவில்லை. அகலமாக ஒரு வளைவு ஓடி, அதற்கு முன்னால் போய் நின்று, மெல்லத் திருப்பிக் கூட்டிவந்தது. யாரும் அதற்குச் சொல்லித் தந்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தேறிவிட்டதா என்று கேட்டேன்.

"தேறிருச்சுங்க. ஆனா வேலை தெரிஞ்சதைச் சும்மா கட்டிப் போட்டா அதுக்குப் பாவமுங்க அம்மணி. ஞாயித்துக்கெழமையானா கூட்டியாங்க."

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் போகிறோம். அவர் கை அசைவிலேயே அது திரும்பவும் நிற்கவும் பழகிவிட்டது. போன வாரம் திடீரென்று வானம் இருட்டியது. முதல் தூறல் விழுவதற்குள் அவரும் நாயுமாக மொத்த மந்தையையும் பட்டிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நான் பட்டியின் படலைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.